பிரிட்டனில் வீட்டுப் பொருளை ஆன்லைனில் விற்கப் போகிறீர்களா? பார்சல் செலவில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் அனுப்பும் வழி

லண்டனின் ஹாரோ பகுதியில் இரண்டு அறை வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்கு மாறியபோது, பையனுக்குச் சிறிதாகிப்போன குளிர்கால பூட்ஸ், ஒரு ஸ்பீக்கர், இரண்டு கோட், கொஞ்சம் புத்தகம் என்று ஆன்லைனில் விற்க ஆரம்பித்தேன். பூட்ஸ் 12 பவுண்டுக்குப் போனது. சின்னப் பார்சல் என்று நினைத்துத் தபால் செலவைக் குறித்திருந்தேன். கவுண்டரில் டேப் வைத்து அளந்தபோது பெட்டி 52 சென்டிமீட்டர் நீளம். கட்டணம் அடுத்த படிக்கு ஏறியது. வாங்கியவர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார், அதனால் மீதி என் கையிலிருந்து போனது. அடுத்த வாரம் 40 பவுண்டு ஸ்பீக்கரை ஒரு கூரியரில் போட்டுவிட்டு ரசீது வாங்காமல் வந்தேன். அந்தப் பார்சல் எங்குமே ஸ்கேன் ஆகவில்லை. நான் ஒப்படைத்தேன் என்பதற்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வாங்கியவருக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நிறையப் பார்சல் அனுப்பிவிட்டேன். தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். படிப்புக்கோ வேலைக்கோ புதிதாக இங்கே வந்து, வீட்டில் சும்மா கிடக்கும் சொந்தப் பொருள்களை விற்க நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. கடை நடத்துபவர்களுக்கு விதிகள் வேறு.

1. எந்தத் தளத்தில் விற்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தளம் எது என்பதைப் பொறுத்துத்தான் தபால் செலவு யார் தலையில் விழும் என்பது தெரியும்.

ஈபே தளத்தில் தனிநபராக விற்பவர்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் விற்பனைக் கமிஷன் கிடையாது (வாகனங்கள் தவிர). அதற்குப் பதிலாக 2025 பிப்ரவரியிலிருந்து வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் வாங்குகிறார்கள். நீங்கள் போட்ட விலையைவிட வாங்குபவர் திரையில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அந்தக் கூடுதல் உங்களுக்கு வராது. யாராவது "விலை ஏன் மாறுகிறது" என்று கேட்டால் பதற வேண்டாம். 2025 ஏப்ரலிலிருந்து பெரும்பாலான தனிநபர் விற்பனைகளுக்கு 'சிம்பிள் டெலிவரி' என்ற முறை வந்துவிட்டது. பொருளின் எடையையும் அளவையும் நீங்கள் சொல்கிறீர்கள். அதற்கேற்ற கட்டணத்தை வாங்குபவர் கட்டுகிறார். பணம் கட்டிய லேபிள் உங்களுக்கு வருகிறது. மிகப் பெரிய, கனமான பொருள்கள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. நேரில் வந்து எடுத்துக்கொள்ளும் வசதியையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

வின்டெட் தளத்திலும் இதே மாதிரிதான். விற்பவருக்குக் கட்டணம் இல்லை, தபால் செலவும் பாதுகாப்புக் கட்டணமும் வாங்குபவருடையது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று பார்சல் அளவை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். துணிமணி, காலணி, குழந்தைப் பொருள்களுக்கு என் அனுபவத்தில் இதுதான் எளிது.

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கம்ட்ரீ (உள்ளூர் விளம்பரத் தளம்) இரண்டையும் நான் நேரில் கொடுப்பதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன். மேசை, கட்டில், ஊரிலிருந்து தூக்கி வந்த மிக்ஸி, கிரைண்டர் போன்றவற்றைப் பார்சலில் அனுப்பக் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. அக்கம்பக்கத்தில் யாராவது வந்து எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

2. முதலில் பேக் பண்ணுங்கள், அப்புறம் விளம்பரம் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். எல்லோரும் படம் எடுத்து, விலை போட்டு, விற்ற பிறகுதான் பெட்டி தேடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். தபாலில் பணம் போவது கவுண்டரில் அல்ல. நீங்கள் சோபாவில் உட்கார்ந்து எடையைக் குத்துமதிப்பாகப் போட்ட அந்த நிமிடத்தில்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். படம் எடுத்து முடித்ததும் பொருளை அனுப்பப் போகிற அதே பெட்டியிலோ கவரிலோ வையுங்கள். உள்ளே அடைக்கும் காகிதம், குமிழி உறை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஒட்ட வேண்டாம், மடித்துப் பிடித்தால் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து, எடையைப் போட்டு, அந்த எண்ணைத்தான் விளம்பரத்தில் எழுத வேண்டும்.

எடை பார்க்கப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு நம் வீடுகளில் கட்டாயம் இருக்கும். பார்சலை ஒரு துணிப்பையில் போட்டு அதில் மாட்டிவிடலாம். ஒரு கிலோவுக்குக் குறைவானவற்றுக்கு மட்டும் சமையலறைத் தராசைப் பயன்படுத்துங்கள், அதுதான் துல்லியமாக இருக்கும். கொக்கித் தராசில் 1.95 கிலோ காட்டினால் அதை 2 கிலோவுக்குள் என்று நம்பி அனுப்பாதீர்கள். டேப்பும் லேபிளும்கூட எடைதான். நான் எல்லையிலிருந்து 100 கிராம் இடம் விட்டே கணக்குப் போடுகிறேன்.

அளவில் ஏமாறுவது பெரும்பாலும் பெட்டியால்தான். ஷூ வந்த பெட்டியோடு அனுப்பினால் அழகாக இருக்கும். ஆனால் உயரமான பூட்ஸ் பெட்டி 45 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். பெட்டியை விட்டுவிட்டு, பூட்ஸை எதிரும்புதிருமாகப் படுக்க வைத்து, தடிமனான பாலித்தீன் கவரில் போட்டிருந்தால் என் பார்சல் சின்ன அளவிலேயே அடங்கியிருக்கும். கோட்டும் அப்படித்தான். நன்றாக மடித்துக் காற்றை அழுத்தி வெளியேற்றினால் 40 × 30 × 12 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். ரைஸ் குக்கர் மாதிரி குண்டான பொருள் எடை குறைவாக இருந்தாலும் பெரிய படிதான். அதைக் குறைக்க வழியில்லை.

3. ராயல் மெயில் அளவுகளை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்

ராயல் மெயில் என்பது இங்கே நாடு முழுக்கத் தபால் கொண்டுபோகும் நிறுவனம். எந்தத் தளம் என்றாலும் அதன் இந்த நான்கு படிகள் அடிக்கடி வரும்.

கடிதம்: 24 × 16.5 சென்டிமீட்டர், கனம் அரை சென்டிமீட்டர், 100 கிராம் வரை.

பெரிய கடிதம்: 35.3 × 25 சென்டிமீட்டர், கனம் 2.5 சென்டிமீட்டர், 750 கிராம் வரை.

சின்னப் பார்சல்: 45 × 35 × 16 சென்டிமீட்டர், 2 கிலோ வரை.

நடுத்தரப் பார்சல்: 61 × 46 × 46 சென்டிமீட்டர், 20 கிலோ வரை.

இதில் பணம் மிச்சமாகும் இடம் 'பெரிய கடிதம்'. மெல்லிய புத்தகம், வீடியோ கேம் டிஸ்க், குழந்தை டி-ஷர்ட், துப்பட்டா எல்லாம் இதில் போகும். 2025 ஏப்ரல் 7 விலைப்படி, 100 கிராமுக்குள் இரண்டாம் வகுப்பில் (முதல் வகுப்பைவிட மெதுவானது, மலிவானது) பெரிய கடிதத்துக்கு 1.55 பவுண்டு. அதே பொருள் 3 சென்டிமீட்டர் கனமாகிவிட்டால் சின்னப் பார்சல், அதாவது இரண்டு மடங்குக்கு மேல். அரை சென்டிமீட்டருக்காக இவ்வளவு வித்தியாசம். அதனால் 2.5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு அட்டையில் பிளவு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கவர் அதில் தடையில்லாமல் நுழைந்து வெளியே வந்தால் பெரிய கடிதம். திணித்துத் தள்ளினால்தான் போகிறது என்றால் அது பார்சல்தான். கவுண்டரிலும் இதே மாதிரி பிளவு வைத்துத்தான் பார்ப்பார்கள்.

குறைவான தபால்தலை ஒட்டி பெட்டியில் போட்டுவிட்டால் நமக்கு அப்போதைக்கு எதுவும் தெரியாது. மீதிக் கட்டணத்தையும் அபராதத்தையும் வாங்குபவரிடம் கேட்பார்கள். கோபத்தோடு அவர் எழுதும் விமர்சனம் உங்கள் கணக்கில் நிற்கும். பார்கோடு இல்லாத பழைய அன்றாடத் தபால்தலைகள் 2023 ஜூலை 31 வரைதான் செல்லுபடியாயின. யாராவது அந்தப் பழைய தபால்தலைகளைச் சும்மா கொடுத்தால் ஒட்டிவிடாதீர்கள்.

ராயல் மெயில் கட்டணம் சில ஆண்டுகளாக ஏப்ரலில் ஏறிக்கொண்டே இருக்கிறது. 2025 ஏப்ரலில் முதல் வகுப்புக் கடிதத் தபால்தலை 1.70 பவுண்டு ஆனது, இரண்டாம் வகுப்பு 87 பென்ஸ். மார்ச் மாதம் போட்ட விளம்பரம் ஏப்ரலில் விற்றால் பழைய கணக்கு உதவாது. அந்த மாதம் உங்கள் விளம்பரங்களை ஒரு தடவை திறந்து பாருங்கள். லேபிளை ராயல் மெயில் இணையதளத்திலேயே வாங்கினால் கவுண்டரைவிடப் பார்சலுக்குக் கொஞ்சம் குறையும்.

மற்றவர்கள் அளக்கும் முறை வேறு. இன்போஸ்ட் என்ற நிறுவனம் பொது இடங்களில் வைத்திருக்கும் பார்சல் லாக்கரில் மூன்று அறைகளும் 38 × 64 சென்டிமீட்டர் தரைதான், உயரம் மட்டும் 8, 19, 41 என்று மாறும். எவ்ரி என்ற கூரியரில் 15 கிலோ வரை, 120 சென்டிமீட்டர் நீளம் வரை போகும். நீளமான, எடை குறைந்த பொருளுக்கு அது வசதி.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி, தீவுகள், வடக்கு அயர்லாந்து ஆகியவற்றுக்குச் சில கூரியர்கள் தனிக் கட்டணம் கேட்பார்கள். ராயல் மெயிலில் நாடு முழுக்க ஒரே விலை. நீங்களே லேபிள் வாங்குவதாக இருந்தால், விலை போடும்போது இதை நினைவில் வையுங்கள்.

4. அனுப்பக் கூடாதவை

புதிதாக விற்பவர்கள் இங்கேதான் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பவர் பேங்க், தனியாகக் கிடக்கும் லித்தியம் பேட்டரி இரண்டையும் ராயல் மெயில் ஏற்பதில்லை. பேட்டரி போனுக்குள்ளோ லேப்டாப்புக்குள்ளோ பொருத்தியிருந்தால் அனுப்பலாம். அணைத்துவிட்டு, வழியில் தானாக இயங்காதபடி கட்ட வேண்டும். உப்பிப்போன, அடிபட்ட பேட்டரி உள்ள போனை எக்காரணத்துக்கும் அனுப்பாதீர்கள்.

வாசனைத் திரவியம் உள்நாட்டுக்குள் மட்டும் போகும். ஒரு பாட்டில் 150 மில்லிக்குள், ஒரு பார்சலில் நான்கு பாட்டிலுக்குள், மேலே எச்சரிக்கை லேபிளோடு. துபாய் வழியாக வரும்போது வாங்கிய சென்ட்டை வெளிநாட்டுக்காரருக்கு விற்றுவிட்டு அனுப்ப முடியாமல் தவித்த நண்பர் ஒருவர் உண்டு.

நகை, பணம், கிஃப்ட் வவுச்சர் இவற்றைச் சாதாரணச் சேவையில் அனுப்பி, தொலைந்தால் நஷ்டஈடு கிடையாது. ராயல் மெயிலில் 'ஸ்பெஷல் டெலிவரி கேரன்டீட்' ஒன்றில்தான் இவற்றுக்குப் பாதுகாப்பு. நம் ஊர்த் தங்கத்தை ஆன்லைனில் விற்பதையே நான் தவிர்க்கச் சொல்வேன்.

கண்ணாடி, பீங்கான் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பல கூரியர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு போவார்கள், ஆனால் உடைந்தால் ஈடு தர மாட்டார்கள். அது அவர்களுடைய 'ஈடு இல்லாத பொருள்கள்' பட்டியலில் இருக்கும். லேபிள் வாங்கும்போது அந்தப் பட்டியலை ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். டின்னர் செட்டை நேரில் கொடுங்கள்.

5. பொருளின் விலைக்கேற்ற சேவை

தளமே லேபிள் தந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். நீங்களே அனுப்புவதாக இருந்தால் மட்டும் இது.

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பில் தொலைந்தால் அதிகபட்சம் 20 பவுண்டு வரைதான் ஈடு. பார்சல் போகும் வழியைக் கண்காணிக்க முடிகிற டிராக்டு 24, அதைவிட மெதுவான டிராக்டு 48 சேவைகளில் 75 பவுண்டு வரை. ஸ்பெஷல் டெலிவரியில் 750 பவுண்டிலிருந்து தொடங்கும், கூடக் கட்டினால் எல்லை உயரும். என் கணக்கு இப்படி: 15 பவுண்டுக்குள் என்றால் இரண்டாம் வகுப்பு, 75 வரை டிராக்டு 48, அதற்கு மேல் ஸ்பெஷல் டெலிவரி அல்லது நேரில். டிராக்டு 24 சேவைக்குக் கூடுதல் பணம் கட்டியதற்காக எந்த வாங்குபவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. பழைய கோட்டுக்கு யாரும் அவசரப்படுவதில்லை.

6. பெட்டி, டேப், லேபிள்

பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். மளிகைக் கடையில் கேட்டால் அட்டைப் பெட்டி தருவார்கள். ஆனால் பழைய பெட்டியில் இருக்கும் பழைய லேபிளையும் பார்கோடையும் கிழித்தெடுங்கள், முடியாவிட்டால் கறுப்பு மார்க்கரால் முழுக்க அழியுங்கள். இயந்திரம் எந்தப் பார்கோடைப் படிக்கிறதோ அங்கேதான் பார்சல் போகும். உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில் அனுப்ப வேண்டிய முகவரியும் உங்கள் முகவரியும் எழுதிப் போடுங்கள். மேலிருக்கும் லேபிள் பிய்ந்துபோனால் அதுதான் காப்பாற்றும்.

பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரக் கூடாது. துணி அனுப்பினால் முதலில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அப்புறம் கவரில் வையுங்கள். இந்த ஊர் மழையில் பார்சல் வாசலில் நனைந்து கிடப்பது சாதாரணம்.

பிரின்டர் இல்லையென்று கவலை வேண்டாம். ஈபே, வின்டெட் இரண்டிலும் பல சேவைகளுக்கு க்யூஆர் கோடு வரும். அதைக் கடையில் காட்டினால் லேபிளை அங்கேயே அச்சிட்டு ஒட்டுவார்கள். காகிதத்தில்தான் வேண்டும் என்றால் உள்ளூர் நூலகத்தில் சில பென்ஸுக்கு அச்சிடலாம். லேபிளைப் பெட்டியின் மூலையில் மடக்கி ஒட்டாதீர்கள், பார்கோடு மேல் பளபளக்கும் டேப்பையும் ஒட்டாதீர்கள்.

தளம் கொடுத்த லேபிளில் நீங்கள் சொன்ன அளவுக்கு மேல் பார்சல் இருந்தால், கூடுதல் கட்டணம் பின்னால் உங்கள் கணக்கிலிருந்து பிடிக்கப்படலாம். இரண்டாவது படியைத் திரும்ப நினைத்துக்கொள்ளுங்கள்.

7. ஒப்படைத்ததற்கு அத்தாட்சி

ஸ்பீக்கரில் நான் 40 பவுண்டு இழந்தது இந்த ஒரு படியைத் தவறவிட்டதால்தான்.

போஸ்ட் ஆபீஸும் ராயல் மெயிலும் இங்கே இரண்டு தனித்தனி நிறுவனங்கள். போஸ்ட் ஆபீஸ் என்பது கவுண்டர். பல கிளைகளில் எவ்ரி, டிபிடி போன்ற கூரியர்களின் பார்சல்களையும் வாங்குகிறார்கள். எனவே உள்ளே போனதும் எந்த நிறுவனத்தின் பார்சல் என்று சொல்லிக் கொடுங்கள். ராயல் மெயில் என்றால் 'சர்ட்டிஃபிகேட் ஆஃப் போஸ்டிங்' கேளுங்கள். ஒரு பென்னி செலவில்லை. தபால்தலை ஒட்டிய சாதாரணக் கடிதத்துக்குக்கூடத் தருவார்கள். கேட்டால்தான் தருவார்கள்.

ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கமெல்லாம் நம் தமிழர்கள் நடத்தும் மூலைக் கடைகள் பலவற்றில் பார்சல் கவுண்டர் இருக்கிறது. இரவு வரை திறந்திருக்கும் என்பதால் வேலை முடிந்து போக வசதி. கூட்டமாக இருக்கும்போது "வச்சிட்டுப் போங்க, அப்புறம் ஸ்கேன் பண்றேன்" என்று கடை அண்ணன் சொல்வார். அன்பாகத்தான் சொல்வார். ஆனாலும் நின்று, ஸ்கேன் ஆகி, ரசீது கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள். ரசீதைப் போனில் படம் எடுங்கள். வெப்பக் காகிதத்தில் அச்சடித்த எழுத்து சில வாரங்களில் மங்கிவிடும்.

லாக்கரிலோ பார்சல் பெட்டியிலோ போட்டால், செயலியில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று மாறும்வரை கவனியுங்கள். உள்ளே வைத்த பார்சலை லேபிள் தெரிய ஒரு படம் எடுப்பது நல்லது. வெளியே போக முடியாதவர்களுக்கு 2020 அக்டோபரிலிருந்து ராயல் மெயில் வீட்டுக்கே வந்து பார்சல் எடுக்கும் சேவை இருக்கிறது. லேபிளைத் தபால்காரரே கொண்டுவரும் வசதியும் உண்டு.

8. நாள் கணக்கு

வின்டெட்டில் விற்றதிலிருந்து 5 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் ரத்தாகும். ஈபேயில் எத்தனை நாளில் அனுப்புவேன் என்று நீங்களே குறிக்கிறீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் என்று போடாமல் மூன்று நாள் என்று போடுங்கள். ஊருக்குப் போகும்போது விடுமுறை நிலையைப் போட மறக்காதீர்கள். சென்னை விமான நிலையத்தில் இறங்கும்போது 'உங்கள் பொருள் விற்றுவிட்டது' என்று அறிவிப்பு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

மாலை கடைசி எடுப்பு நேரத்துக்குப் பிறகு கொடுத்தால் அது அடுத்த நாள் கணக்கு. 2025 ஜூலை 28 முதல் இரண்டாம் வகுப்புக் கடிதங்களைச் சனிக்கிழமை கொடுப்பதை நிறுத்தி, வாரநாள்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுக்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவருகிறார்கள். அதனால் தபால்தலை ஒட்டி அனுப்பினால் வாங்குபவரிடம் முன்பே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

பணம் உடனே கைக்கு வராது. வின்டெட்டில் பொருள் போய்ச் சேர்ந்த பிறகு வாங்குபவருக்கு 2 நாள் அவகாசம், அதற்குள் அவர் புகார் சொல்லாவிட்டால் பணம் விடுவிக்கப்படும். ஈபேயிலும் புதிய முறையில் டெலிவரி உறுதியான பிறகே கிடைக்கும். வாடகைக்கு இந்தப் பணத்தை நம்பி இருக்காதீர்கள்.

9. தொலைந்தால், உடைந்தால்

தளத்தின் லேபிளில் அனுப்பி, அது ஸ்கேன் ஆகியிருந்தால் பெரும்பாலும் தளமே பார்த்துக்கொள்ளும். நீங்களே லேபிளோ தபால்தலையோ வாங்கியிருந்தால் நீங்கள்தான் நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

ராயல் மெயிலில், வர வேண்டிய நாளிலிருந்து 10 வேலை நாள் கழிந்தால்தான் தொலைந்ததாக எடுத்துக்கொள்வார்கள். அனுப்பிய நாளிலிருந்து 80 நாளுக்குள் கேட்டுவிட வேண்டும். இரண்டு ஆவணம் தேவை: அனுப்பியதற்கு அத்தாட்சி, பொருளின் மதிப்புக்கு அத்தாட்சி. இரண்டாவதுக்கு விற்பனைப் பக்கத்தின் படமும் பணம் வந்த விவரமும் போதும். உடைந்த பொருள் என்றால் பெட்டியையும் உள்ளே அடைத்ததையும் வாங்குபவர் தூக்கி எறியாமல் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

"சொன்ன மாதிரி இல்லை" என்ற புகார்தான் அதிகம் வரும். நீங்கள் 'திரும்பப் பெற மாட்டேன்' என்று போட்டிருந்தாலும், விவரித்தபடி பொருள் இல்லையென்றால் ஈபேயில் 30 நாளுக்குள் அவர் திருப்பிக் கேட்கலாம். திரும்பி வரும் தபால் செலவும் உங்களுடையது. புகாருக்கு 3 வேலை நாளுக்குள் பதில் சொல்லுங்கள். மௌனமாக இருந்தால் முடிவு உங்களுக்கு எதிராகப் போகும். ஆரம்பத்திலேயே கீறல், கறை, கழன்ற பொத்தான் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுவதுதான் இதற்கு மருந்து. நான் பேக் பண்ணும்போது ஒரு சின்ன வீடியோவும் எடுக்கிறேன், வரிசை எண் தெரியும்படி.

10. நேரில் வருபவர்களும் ஏமாற்றுபவர்களும்

ஈபேயில் நேரில் எடுத்துக்கொள்பவரிடம் க்யூஆர் கோடோ ஆறு இலக்க எண்ணோ இருக்கும். பொருளைக் கொடுக்கும் முன் அதைச் செயலியில் பதியுங்கள். பதியாமல் கொடுத்துவிட்டால், "எனக்கு வரவில்லை" என்று அவர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது.

ஃபேஸ்புக்கில் ஒரு மேசை போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் இப்படி ஒரு செய்தி வரலாம்: "நான் வெளியூர், கூரியர்காரர் பணத்தோடு வருவார், நீங்கள் இன்ஷூரன்ஸ் கட்டணம் மட்டும் இந்த லிங்கில் கட்டுங்கள், திருப்பித் தந்துவிடுவேன்." அது மோசடி. எந்தக் கூரியர் நிறுவனமும் வாங்குபவர் சார்பாகக் கவரில் ரொக்கம் கொண்டுவருவதில்லை. விற்பவர் பணம் பெறுவதற்காகத் தன் வங்கி அட்டையின் எண்ணைக் கொடுக்க வேண்டிய தேவையும் கிடையாது. பணம் வந்ததா என்பதை மின்னஞ்சலில் பார்க்காமல் வங்கிச் செயலியில் பாருங்கள். "உங்கள் பார்சலுக்கு 1.99 பாக்கி" என்று குறுஞ்செய்தி வந்தால் அதிலுள்ள லிங்கைத் தொடாமல், மோசடிச் செய்திகளைப் புகார் செய்வதற்கான 7726 என்ற எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்.

11. வரியும் விசாவும்

தளம் உங்களிடம் தேசியக் காப்பீட்டு எண் (நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர்) கேட்டால் பயப்பட வேண்டாம். ஒரு ஆண்டில் 30 பொருளோ அதற்கு மேலோ விற்றாலும், சுமார் 1,700 பவுண்டுக்கு மேல் வந்தாலும் தளங்கள் வரித்துறைக்கு விவரம் தர வேண்டும் என்று 2024 ஜனவரி முதல் விதி இருக்கிறது. விவரம் போவதாலேயே வரி வந்துவிடாது. நீங்கள் பயன்படுத்திய சொந்தப் பொருளை வாங்கிய விலைக்குக் குறைவாக விற்பதற்கு வரி இல்லை.

லாபத்துக்காக வாங்கி விற்பது வேறு கதை. அது வியாபாரம். ஆண்டுக்கு மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையிடம் பதிய வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். அந்த விசாவில் சுயதொழிலும் வியாபாரமும் கூடாது. பழைய கோட்டையும் பாடப் புத்தகத்தையும் விற்கலாம். அவுட்லெட் கடையில் பத்து ஷூ வாங்கி வந்து லாபம் வைத்து விற்கக் கூடாது, தொகை 1,000 பவுண்டுக்குள் இருந்தாலும். வேலை விசாக்காரர்களும் தங்கள் விசா நிபந்தனையைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கி விற்க இறங்க வேண்டும்.

பொருளை முதலில் வாங்கியபோது வந்த ரசீதின் படம், விற்ற விலை, தபால் ரசீதின் படம், இந்த மூன்றையும் போனில் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். எனக்கு மாதம் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. ஈடு கேட்கவும், புகாருக்குப் பதில் சொல்லவும், வரித்துறை கேட்டால் காட்டவும் அதே ஃபோல்டர்தான்.